ஈப்போவில் குளிருது, இல்லையா?

போன செவ்வாய்க்கிழமை ஈப்போவில், நல்ல மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம், ஒரு பெண் "இன்னைக்குக் கொஞ்சம் குளிரா இருக்கு, இல்லையா?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில். அதுவும் வேலைக்கான இண்டர்வியூவில்.

பைத்தியம் இல்லை. என் மனைவியின் தங்கை வசந்திதான்.

கோளாறு அவளிடம் இல்லை. கம்ப்யூட்டரிடமும் இல்லையாம் — அதைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும் என்கிற மாதிரி பேசுகிறார் தாமஸ் மாஸ்டர். ஈப்போவில் சிலிபின் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைவீட்டு மாடியில் ஆங்கில டியூஷன் நடத்துகிறவர். இந்த வருஷம் பிரம்பை ஓரங்கட்டிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கிறார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கீழே வாசலில் போர்டு: 'செயற்கை மூளை மூலம் ஆங்கிலம்'. இயற்கை மூளைக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மாஸ்டர் எனக்கு விளக்கினார். இங்கிலாந்தில் புரொபசர்கள் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்கள் பேசுவது, எழுதுவது, பேப்பரில் போடுவது என்று லட்சக்கணக்கான வார்த்தைகளைச் சேர்த்து கம்ப்யூட்டரில் கொட்டி எண்ணுகிறார்களாம். எந்த வார்த்தை எதோடு அடிக்கடி சேர்ந்து வருகிறதோ, அதுதான் அசல் இங்கிலீஷ். அந்தச் சரக்கில் கொஞ்சம் இவர் மெஷினுக்குள் இருக்கிறதாம். நாம் ஒரு வாக்கியம் டைப் அடித்தால் ஒத்துப் பார்க்கும். சரி என்றால் 'வெரி குட்'. இல்லையென்றால் 'டிட்' என்று ஒரு சத்தம்.

நல்ல யோசனைதான். ஊர் பேசுவதைக் கேட்டு ஊருக்கே சொல்லிக் கொடுப்பது. எந்த ஊர் என்பதுதான்...

வசந்திக்கு இது விளையாட்டு இல்லை. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இருக்கிறாள். பத்து காஜா என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்: தீபாவளிக்குள் வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வந்து தோளில் காண்டா வாளி தூக்கிப் பால்மரம் சீவ வேண்டியதுதான். அவரிடம் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்:

"மாமா, நான் ஒருவாட்டி திரும்பிப் போயிட்டா, அப்புறம் வெளிய வரவே மாட்டேன்."

அதனால்தான் ஹோட்டல் ரிசப்ஷனிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டதும் ஓடிப்போய் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

'ஆஃப் தி லைட்' என்று அடித்தாள். டிட். 'அவுட்ஸ்டேஷன்' — டிட். 'ஐ ஃபாலோ மை பிரதர் கோ லூமுட்' என்றதற்கு மெஷின் துடித்துப் போய்விட்டது. 'முடியும்' என்பதற்கு நாமெல்லாம் நாள் முழுக்கச் சொல்கிற 'கேன்' கூட ஒற்றையாக நின்றால் டிட்.

அதற்குப் பிடித்தது வானிலை. பேச்சை ஆரம்பிக்க அதுதான் சரியாம். 'இட்ஸ் ரேதர் சில்லி டுடே, இஸின்ட் இட்?' என்று அடித்ததும் 'வெரி குட்' கொடுத்தது. எனக்குத் தெரிந்த சில்லி, நாசி லெமாக் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கொஞ்ச நாளில் மெஷினின் பழக்கம் அவள் வாய்க்கே வந்துவிட்டது. நான் போனில் யாரிடமோ 'டுமாரோ ஐ அவுட்ஸ்டேஷன் லா' என்றேன். அடுப்படியிலிருந்து வெங்காயம் உரித்தபடி ஒரு குரல்: "டிட்."

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஹோட்டல் மேனேஜர் ஒரு சீனர், நல்ல மனுஷன். இவள் உட்கார்ந்ததும் குளிரைப் பற்றிச் சொன்னாள். அவர் பாவம், பெண்ணுக்கு நிஜமாகவே குளிருகிறது என்று நினைத்துக்கொண்டார். வெளியே இருந்த கிளார்க்கைப் பார்த்து, "ஆஃப் தி ஏர்கோன் லா" என்றார்.

வசந்தி வாய் சும்மா இருந்ததா? "டிட்."

ஏர்கோன் நின்றது. இரண்டு பேருக்கும் வேர்வை ஊற்றியது. அவுட்ஸ்டேஷன் கஸ்டமர் வந்து ரூம் இல்லையென்றால் என்ன செய்வாய் என்று மேனேஜர் கேட்டார். வீட்டில் கேட்டிருந்தால் பொரிந்து தள்ளியிருப்பாள். அங்கே அவுட்ஸ்டேஷனுக்குச் சரியான வார்த்தை என்ன என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யுவர் இங்கிலீஷ் வெரி குட். டூ குட். மை கஸ்டமர் ஆல் ஸ்கேர்ட்."

வேலை அடுத்து வந்த பெண்ணுக்குப் போனது.

வசந்தி இண்டர்வியூ உடுப்பைக்கூட மாற்றாமல் பின்கட்டில் உட்கார்ந்து அழுதாள். லட்சக்கணக்கில் எண்ணினார்களே, அதில் ஈப்போக்காரன் வாயிலிருந்து வந்த வார்த்தை ஒன்றாவது உண்டா? அந்த எண்ணிக்கையில் தப்பே இல்லை, சாமி. எண்ணிக்கையில் நாம்தான் இல்லை. நமக்கு இது புதுசா என்ன?

சனிக்கிழமை நேரே மாடி ஏறினேன். வசந்தியும் பின்னாலேயே வந்தாள். தாமஸ் மாஸ்டர் நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "வாக்கியத்துல தப்பே இல்ல அண்ணே. வெயில்லதான் தப்பு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். நம்ம ஊர் வாக்கியமாக வரிசையாக அடித்தாள். டிட். டிட். டிட். மார்க்கெட்டில் பேசுவது, பஸ்ஸில் பேசுவது, ஒன்றையும் விடவில்லை. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏய் கேர்ள், யூ டோன்ட் ஸ்பாயில் மை கம்ப்யூட்டர் லா."

அவள் அதையும் டைப் அடித்தாள். டிட்.

அந்த வாரத்திலேயே அப்போதுதான் அவள் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிரம்பு எங்கே என்று தேடினார்.

முந்தாநாள் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுண்டருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். தீபாவளி கிட்டே வந்துவிட்டது. கம்பெனி முதலாளியான தவுக்கே கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மண்டே ஸ்டார்ட், கேன் ஓர் நாட்?"

வசந்தி ஒரு வினாடி என்னைப் பார்த்தாள்.

"கேன்."

காது கொடுத்துக் கேட்டேன். டிட் சத்தம் எங்கேயிருந்தும் வரவில்லை.