பின்னால் கேட்ட ‘வாரேன்’

என் தோளுக்காக ஜெபித்த சபையாருக்கு, அந்த ஜெபம் என்ன ஆனது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின வாரம், பயிற்சியில் சர்வீஸ் போடும்போது வலது தோளில் தசைநார் கிழிந்தது. டென்னிஸ் ஒற்றையர் ஆட்டம்தான் என் தொழில். தேறினாலும் பழைய வேகம் வராது, தலைக்கு மேல் வரும் பந்தை ஓங்கி அடிக்கக் கூடாது என்றார் மருத்துவர். நான் மெக்கானிக்கல் படித்தவள். கிழிந்த பாகம் எவ்வளவு தாங்கும் என்று எனக்கும் புரிந்தது. சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போத்தனூரில் வீட்டுக்கும் சபைக்கும் நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். ஆராதனையில்கூடப் பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். ஜெபத்திலும் வரிசை போடுவேன். முதலில் தசைநார், பிறகு வேகம், பிறகு தரவரிசை. கடைசியில், “ஆண்டவரே, சீக்கிரம் வாரும்” என்பேன். தோள் தேறியது. மருத்துவர் சொன்ன அளவுக்குத்தான்.

கோச் என்னை இரட்டையருக்கு மாற்றினார். ஜோடி, வெள்ளகோவில் கோகிலா. முதல் நாள் எங்கள் நடுவே ஒரு பந்து வந்ததும், “வாரேனுங்க்கா” என்றாள். கிளம்பும்போதும் நம் ஊரில் அதைத்தானே சொல்கிறோம்? ஆட்டத்தின் நடுவில் எங்கே போகிறாள் என்று திரும்பி, அவள் வழியிலேயே நின்றுவிட்டேன். மோதி இருவரும் விழுந்தோம்.

“பந்துக்கு வாரேன்னு சொன்னனுங்க்கா. பஸ்ஸுக்கா கெளம்புறேன்?” என்று சிரித்தாள்.

அர்த்தம் புரிந்த பிறகும் நான் விடவில்லை. அவள் ‘வாரேன்’ என்ற பந்துக்கும் ஓடினேன். தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒருநாள் சிரிக்காமல் கேட்டாள்: “ஏனுங்க்கா, எல்லாப் பந்தும் உங்க பேருக்குப் பட்டா போட்டதுங்களா?”

இன்னும் ஒரு போட்டி, முதல் சுற்றில் தோற்றால் வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். அந்த ஆட்டம் கடைசிவரை இழுத்தது. வெற்றிக்கு ஒரே புள்ளி பாக்கி. நான் வலையருகே நின்றிருந்தேன். எதிரணிப் பெண் பந்தை என் தலைக்கு மேலே உயரத் தூக்கிவிட்டாள். கால்கள் பின்னால் ஓடத் துடித்தன. தோள் எழும்பாது என்று தெரியும். வரிசையெல்லாம் மறந்துபோய், “ஆண்டவரே, வாரும்” என்று மட்டும் வாய்க்குள் சொன்னேன்.

“வாரேனுங்க்கா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நின்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோகிலா அடித்த பந்து என் காதருகே பறந்து எதிர்க்கோட்டில் விழுந்தது. ஜெயித்தோம்.

பம்ப் கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்று இரட்டையர் ஆட்டம்தான் என் பிழைப்பு. வீட்டில் மேல்கொடியில் துணி போட இன்னும் அம்மாதான் வர வேண்டும். நான் கேட்டது தோள். கர்த்தர் தந்தது கோகிலா.

படபடப்பு எனக்கு முழுதும் போய்விடவில்லை. உங்களுக்கும் இருக்கலாம். ஜெபித்துவிட்டு எல்லாப் பக்கமும் நீங்களே ஓடாதீர்கள். கொஞ்சம் நின்று, பின்னால் யார் ‘வாரேன்’ என்கிறார்கள் என்று கேளுங்கள்.