எதிர் ஜன்னல் பேய்ப்படம்

கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் ஊரார் கண்ணுக்கு லென்ஸ் பொருத்துகிறவருக்குச் சாயங்காலமானால் சொந்தக் கண் எதிர்வீட்டு ஜன்னலை விட்டு நகராது. கேட்டால் கலை என்பார். அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்த்தே ஆளை விழுங்கும் பேயைப் பற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேமரா, கீறல் விழுந்த கைபேசி. பேய், அவர் மனைவி. போர்வைக்குள் அவள் தும்மியே பாதிப் படம் பாழானது.

பேயைவிடப் பெரிய தலைவலி பேயிடம் சிக்கும் ஆள். கேமரா என்றதும் எல்லாரும் தலை சீவி, சட்டையை இழுத்துவிட்டு, பல்லைக் காட்டினார்கள். பேய் விழுங்க வரும்போதுகூட, நடிக்க வந்த மச்சான் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதனால் எதிர்வீட்டுத் தையல்காரரை அவருக்கே தெரியாமல் எடுத்துவிட்டார். ஸ்கேலால் முதுகைச் சொறிந்துகொண்டே, படியாத காலரோடு அவர் சண்டை பிடிக்கிறார். சட்டென்று கை நிற்கிறது. மெல்லத் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறார். படத்துக்கு உயிரே அந்தப் பார்வைதான்.

"அவரைக் கேக்காம மொட்டை மாடியில தெருவுக்கே படத்தைப் போட்டீங்கன்னா, அடுத்த படத்துக்குப் போர்வையை நீங்களே போத்திக்கங்க" என்றாள் மனைவி.

கைபேசியோடு எதிர்வீட்டுக்குப் போனார். தையல்காரர் பார்த்தார். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார்.

"அழிச்சிடவாண்ணே?"

"இரு தம்பி. அப்ப நான் எதைப் பாத்தேன்னு தெரியுமா?"

"எதை?"

தையல்காரர் தன் கைபேசியை நீட்டினார். எதிர் ஜன்னலில் கைபேசியை ஓடவிட்டுச் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பில் துண்டோடு நம் இயக்குநர். பேய் எப்படிப் பல்லைக் கடிக்க வேண்டும் என்று மனைவிக்கு நடித்துக் காட்டுகிறார். துண்டு அவிழப் பார்க்கிறது.

"எப்பலேர்ந்து எடுக்கிறீங்க?"

"நீ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. என்னைப் போட்டா இதையும் சேத்துப் போடணும். சம்மதமா?"

துண்டா படமா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தார். படம்தான் ஜெயித்தது.

மொட்டை மாடியில் தையல்காரர் திரும்பிப் பார்த்தபோது ஒருவரும் மூச்சுவிடவில்லை. துண்டு வந்தபோது சிரிப்பில் நாற்காலி ஒன்று உடைந்தது. வாராவாரம் அந்தப் படத்தையே போடச் சொல்கிறார்கள். வசனத்தை முந்திக்கொண்டு சொல்கிறார்கள். ஆனால் வீடு திரும்பியதும் அவரவர் ஜன்னலைத்தான் முதலில் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போது தெருவில் எல்லா ஜன்னலுக்கும் திரை. தைத்துக் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த படத்துக்கு மிஞ்சியது தையல்காரர் ஜன்னல் ஒன்றுதான். அது அகலத் திறந்தே இருக்கிறது. உள்ளே அவர் தலை சீவி, சட்டையை இழுத்துவிட்டு, பல்லைக் காட்டியபடியே தைக்கிறார்.