கம்பளி வியாபாரியின் மாளிகை

குடியுரிமைச் சத்தியத்துக்கு அப்பாவை நாங்கள் குடியிருக்கும் கிரான்பர்னிலிருந்து காரில் கூட்டிப்போன இடம் ஒரு காலத்தில் கம்பளி வியாபாரி ஒருவரின் மாளிகை. ஆட்டு உரோமத்தில் காசு சேர்ந்ததும் மனிதருக்கு ஐரோப்பிய அரசனாகும் ஆசை வந்துவிட்டது. பரோக் பாணியாம். தூணுக்குத் தூண் தங்கப்பூச்சு, கூரையில் சிறகு முளைத்த கொழுத்த குழந்தைகள், ஒன்றுக்கும் உடுப்பில்லை. அதற்குக் கீழேதான் இன்று நகரசபை கூடி, குப்பைத்தொட்டிக்கு எந்த நிறத்தில் மூடி போடுவது என்று விவாதிக்கிறது.

விழாவுக்கு முன் ஒரு பெண் அதிகாரி எங்களுக்கு மாளிகையைச் சுற்றிக் காட்டினார். இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு ஒரே வசனத்தில் மரியாதை செலுத்தி முடித்தார். வியாபாரியின் குளியலறைக்கே அதைவிட நீண்ட வரலாறு இருந்தது. அப்பாவுக்கு மொழிபெயர்த்தே நான் களைத்துப்போனேன்.

அவரை அங்கே கொண்டுவந்ததே பெரும்பாடு. ஊரில் அவர் கட்டிய வீட்டைச் சண்டைக்காலத்தில் பிடித்தவர்கள் இன்றும் அதில் மேசை, கோப்பு எல்லாம் வைத்து ஒரு கந்தோர் நடத்துகிறார்கள். இங்கே சத்தியம் செய்தால் அந்த வீட்டைக் கேட்கும் உரிமை போய்விடும் என்று வருடக்கணக்கில் இழுத்தடித்தார். நான் சண்டை பிடித்துத்தான் சம்மதிக்க வைத்தேன்.

“அப்ப இது ஒராள் குடியிருந்த வீடோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். உடனே வாசலுக்குத் திரும்பிப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சப்பாத்துகளைக் கழற்றி வைத்தார்.

அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. சப்பாத்தில்லாமல் மேடையேறப் பாதுகாப்பு விதி இடம்தராதாம். போடாவிட்டால் இன்னொரு நாள் வரவேண்டுமாம். கூரையில் அம்மணமாகத் தொங்குபவர்களுக்கு எந்த விதியும் இல்லை. இன்னொரு நாள் என்றால் அப்பா வரவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

“இது இப்ப வீடில்லையாம் அப்பா, அரசாங்கக் கந்தோராம். போடுங்கோ.”

“எங்கட வீட்டையும் உப்பிடித்தான் சொன்னவங்கள்,” என்றார். “சப்பாத்தோடதான் உள்ளுக்கு வந்தவங்கள்.”

அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் மண்டபக் கதவைத் திறந்துவிட்டார்.

அப்பா காலுறையோடு நின்று சத்தியம் செய்தார். மேயர் சான்றிதழைக் கொடுத்து, கமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். நகரசபை பிறகு அனுப்பிய படத்தில் அப்பாவை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டிருந்தார்கள். மேலே கொழுத்த குழந்தைகளின் வெறுங்கால்கள் மட்டும் ஒன்று விடாமல் தெரிந்தன.