மாலைக்கண்ணும் என் கொள்கையும்

பொழுது படுமுன் குடிப்பதில்லை என்பது என் கொள்கை. வாழ்க்கையில் நான் இன்றுவரை காப்பாற்றிய ஒரே கொள்கையும் அதுதான். குடிகாரன் பகலில் குடிப்பான். நான் பொழுதுபட்டபின், பொரித்த ஈரலைத் தொட்டுக்கொள்ளும் ‘பைட்’டாக வைத்துக்கொண்டு, புத்தகமும் கையுமாகக் குடிக்கும் எழுத்தாளன். ஈரலுக்கு வரும் சேதத்தை ஈரலாலேயே ஈடுசெய்கிறேன் என்று நினைப்பு. போதாததற்குக் கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பும் விட்டமின் போத்தல்கள் அலுமாரி நிறைய இருந்தன. சாராயத்தோடு விட்டமின் குளிசையும் இறங்கினால் எல்லாம் சரிக்குச் சரி.

கண்தான் முதலில் மறுத்தது. ஒரு மாலை, பேப்பரில் சுற்றிய போத்தலைக் கக்கத்தில் இடுக்கியபடி வைன் ஸ்டோர்ஸிலிருந்து வெள்ளவத்தையின் பெருந்தெருவான காலி வீதிக்கு வந்து, மங்கலாகத் தெரிந்த ஓட்டோவை மறித்தேன். “மார்க்கெட் பக்கம், கீயத மல்லி?” என்று சிங்களத்தில் கூலியும் கேட்டேன். உள்ளிருந்தவர் இறங்கி, என் கையைப் பிடித்து நடைபாதையில் ஏற்றிவிட்டு, மாத்தயா, அதாவது ஐயா, இனிப் பகலில் வெளிக்கிடுவது நல்லது என்று சிங்களத்தில் சொன்னார். நான் மறித்தது பொலிஸ் ஜீப்.

மனைவி என்னை டொக்டரிடம் இழுத்துப் போனாள். டொக்டர் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கீழ் வகுப்பு. அதனால் மரியாதையாகவே திட்டினார். மங்கல் வெளிச்சத்தில் கண் தெரிய விட்டமின் ஏ வேண்டும், அதைச் சேர்த்துவைக்கும் இடம் ஈரல், நாள்படக் குடித்தால் ஈரல் இருப்பையும் வெளியே விட்டுவிடும், புதிதாக வருவதையும் பிடித்துவைக்காது என்றார்.

“அப்ப குளிசையைக் கூட்டுவமே?” என்றேன்.

“அண்ணை, ஸ்டோர் ரூமின்ர கூரையைப் பிரிச்சுப்போட்டு, இன்னும் சாமான் அனுப்பச் சொல்லுறியள். குடியோட சேர்ந்தால் அந்த விட்டமினே ஈரலுக்கு நஞ்சு. வேண்டிய அளவை நான் தாறன். நீங்கள் போத்தலை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி உந்தக் கண் திரும்பாது.”

எந்தப் போத்தலை என்று கேட்டேன். இரண்டையும் என்றார்.

அன்றிலிருந்து மூன்றாம் மாடி பிளாட்டில் சிறை. பகலில் குடிக்கக் கொள்கை விடாது. வாங்கி வீட்டில் வைக்க மனைவி விடமாட்டாள். பொழுதுபட்டால் படி தெரியாது. எனக்கு உரிமை பிறக்கும் அதே நேரத்தில் கண் கடையைச் சாத்திவிடுகிறது. கொள்கையை மாற்றலாம்தான். மாற்றினால் நான் குடிகாரன்.

நேற்றுப் பின்னேரம் கொச்சிக்கடைச் சிநேகிதன் போன் எடுத்து, தானே ஒரு போத்தலோடு வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வா என்று சொல்ல மனைவி பக்கத்தில் நின்றாள். பிறகு கதைக்கிறேன் என்று வைத்தேன்.

அவள் போய் வாசல் கிறில் கதவை அகலத் திறந்துவிட்டாள். “பூட்டி வைச்சிருக்கிறன் எண்டு நாளைக்கு எழுதுவியள். போறதெண்டால் போங்கோ.”

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முதல் படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கீழே காலி வீதி இரைந்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். முன்னாலும் போக முடியவில்லை. திரும்பி உள்ளே போகவும் வெட்கம்.

“இஞ்சாரும், கையைக் கொஞ்சம் தாரும்.”

பக்கத்தில் வந்து நின்றாள். கையைத் தரவில்லை. “எங்க போக?”

கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

“வைன் ஸ்டோர்ஸ் இல்லாத பக்கம்.”

“வெள்ளவத்தையில அது கடல் மட்டும்தான்,” என்றபடி கையைத் தந்தாள்.