பின்கதவு நிழல்

நான் மீன் விற்கும் பழைய வேனுக்கு எஃப்சி என்கிற தகுதிச் சான்று முடிய இன்னும் ஒன்பது நாள்தான். இந்த முறை பாஸ் ஆகாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

கட்டுமாவடிக் கடற்கரையில் எடுத்த மீன் விற்றுத் தீர்ந்ததும் இன்று நேராக ஷோரூமுக்குப் போனேன். அதே வட்ட விளக்கு, அதே மொட்டை மூக்கு. என் வேனே குளித்துவிட்டு வந்து நிற்பது போலப் புது வண்டி நின்றது.

"பழைய லுக்குக்குத்தான் இப்ப கிராக்கி அக்கா" என்றாள் ஷோரூம் பெண்.

பின்கதவைத் திறந்தேன். அது பக்கவாட்டில் திறந்தது.

"மேல தூக்குற மாதிரி இல்லையாம்மா?"

"இதுதாங்க்கா ஸ்டைலு."

"அப்ப மீனுக்கு நிழலு?"

அவள் சிரித்தாள். பதினொரு வருடமாகத் தூக்கிய கதவுக்கு அடியில்தான் என் கடை.

கதவு மேலே திறக்கும் வண்டி தெரிந்தால் சொல்லுங்கள். முன்பக்கத்தை அச்சு அசலாகச் செய்தவர்கள், பின்பக்கம் வந்து ஒரு நாளும் மீன் வாங்கியதில்லை போலிருக்கிறது.