ஸ்டுடியோ அக்காவின் முக்காலி

"வானத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து விடும்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஒரு பழைய துணியால் முக்காலியைத் துடைக்கிறார். வானம் என்பது பின்னால் தொங்கும் நீலத் திரை. வெளுத்துப்போய், மடித்த இடமெல்லாம் கோடு விழுந்திருக்கும். மின்விசிறி ஓடினால் அது மெல்ல உப்பும், அடங்கும். மத்தியானத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொருகிவிடும்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் ஒடுக்கமான ஓர் அறை. பாஸ்போர்ட் போட்டோதான் பிழைப்பு. கேமராவுக்கு மாப்பிள்ளை என்று பெயர். "மாப்பிள்ளைக்கு இன்னைக்குக் கோவம், முறுக்கிக்கிட்டு நிக்கறாரு" என்று தட்டிக்கொடுப்பார். பொத்தானை அழுத்தும்போது மற்றவர்கள் ஒரு கண்ணை மூடுவார்கள். இவர் இரண்டையும் மூடிக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். "நான் பாத்தா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்ல."

கூலி வாங்காமல் எடுக்கும் படங்களும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு வழியில்லாத பெண்களுக்காக இணையத்தில் ஊர் உலகத்திடம் நன்கொடை திரட்டுகிறார்கள். அதற்குப் படம் வேண்டும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள் நான். அந்தப் பெண்களைக் கைப்பிடித்துச் சாலையைத் தாண்டிக் கூட்டிவருவதும் எப்படியோ என் வேலையாகிவிட்டது.

வருகிறவளுக்கு அக்கா தலை வாரிவிடுவார். பிறகு மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். "உடம்பு சரியானதும் மொதல்ல என்ன செய்வே?" கேட்டதும் பார்வை எங்கோ போய்விடும். வயிற்றில் கட்டி வந்த ஒருத்தி, "குப்புறப் படுத்துத் தூங்குவேங்க்கா" என்றாள். பார்வை அப்படிப் போகிற நேரத்தில்தான் அக்கா கண்ணை மூடி அழுத்துவார்.

மூன்று மாதம் முன்பு இஸ்திரிக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தியைக் கூட்டிப்போனேன். பிரசவத்தில் உள்ளே கிழிந்து, நாலு வருஷமாகச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருந்தது. பிள்ளையும் தங்கவில்லை. முக்காலியைக் காட்டியதும் சுவரோரம் ஒதுங்கினாள்.

"வேணாங்க்கா. நின்னுக்கிட்டே செய்யற வேலைன்னுதான் இஸ்திரிக்கே போனேன்."

"முக்காலி என்னோடது. உனக்கென்ன வந்துச்சு, உக்காரு."

விளிம்பில் உட்கார்ந்தாள். அக்கா கேள்வியைக் கேட்டார். வானம் ஒருமுறை உப்பி அடங்கியது.

"பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். எறங்க மாட்டேன். அப்படியே திரும்பி வருவேன்." சொல்லும்போது அவள் முகத்தில் காற்று அடிப்பதுபோல இருந்தது.

அவள் எழுந்தபோது முக்காலி நனைந்திருந்தது. பதறிப்போய்த் துணி தேடினாள். அதற்குள் அக்கா அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "கால் கடுக்குதுடி" என்று மாப்பிள்ளையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆறு நாளாகியும் பணம் கால்வாசியில் நின்றது. இந்த அறுவையைச் செய்யும் டாக்டரம்மா வெளியூரிலிருந்து பத்தே நாளுக்கு வந்திருந்தார். விட்டால் அடுத்த வருஷம்தான். நன்கொடை திரட்டும் பெண் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள்.

"படத்துல சந்தோஷமா இருக்காங்கக்கா. யாரு குடுப்பாங்க? கொஞ்சம் அழற மாதிரி எடுத்துத் தாங்க."

"அழறத எடுக்க மாப்பிள்ளைக்குத் தெரியாதும்மா."

"உங்க பிடிவாதத்துல அவங்க ஆபரேஷன் போயிடும்."

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் அன்று யாருக்கும் தலை வாரவில்லை. நான் ஆஸ்பத்திரிப் படியில் நின்று ஆண்டவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் அக்காவே நன்கொடை திரட்டும் பெண்ணுக்குப் போன் போட்டார். "படத்துக்கு அடியில வியாதி பேரத்தானே போட்டிருக்கே? அவ சொன்னதப் போடு. பஸ்ஸு, ஜன்னலு, எறங்க மாட்டேன்னது, எல்லாத்தையும்."

"அப்பவும் பணம் வரலேன்னா?"

அக்கா மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "வரலேன்னா நீ சொன்ன மாதிரியே எடுத்துத் தர்றேன்."

போட்டாள். அன்று மத்தியானமே யாரோ ஒருவர் பணம் அனுப்பி, "ஒரு டிக்கெட்" என்று எழுதியிருந்தார். "திரும்பி வர டிக்கெட் என் செலவு" என்று இன்னொருவர். "வெயில் படாத பக்கமாப் பாத்து உக்காரு தங்கச்சி" என்றுகூட ஒருவர். ஒன்பதாம் நாள் பணம் நிறைந்தது. பத்தாம் நாள், டாக்டரம்மா ஊருக்குக் கிளம்புமுன் செய்த கடைசி அறுவை இவளுடையது.

நேற்று அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். யாரும் சொல்லாமலே முக்காலியின் நடுவில் நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள்.

"கடைசி ஸ்டாப்புல ஒண்ணுமே இல்லக்கா. ஒரு மரம், ஒரு நாய். எறங்கும்மாங்கறாரு கண்டக்டர். நான் எறங்கலையே."

"நாய் என்ன சொல்லுச்சு?"

"அதுவும் எறங்கச் சொல்லுச்சு."

வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அக்கா வழக்கம்போல முக்காலியைத் துடைக்கத் துணியை எடுத்தார். துடைக்கவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, உலர்ந்த பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார். அவள் உட்கார்ந்திருந்த சூடு ஆறும்வரை எடுக்கவில்லை. கண் இரண்டும் மூடியிருந்தன.