வத்சலா அக்கா கண்ணை மூடாத ஆட்டங்கள்

செய்தி வந்தபோது நான் ஜெர்மனியின் எசன் நகரத்து வடக்கு எல்லையில், பாதை முடியும் தரிப்பிடத்தில் டிராமை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் வத்சலா அக்காவின் கணவர் ராஜன் அண்ணையின் பெயரைப் பார்த்ததும் எடுக்கப் பயந்தேன். எடுக்காமல் விட்டால் அது இன்னும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று ஒரு கணம் மனது சொன்னது. எடுத்தேன். "தம்பி, அக்கா போயிட்டா. காலமைதான். நான் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்," என்றார். கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்து, என்னால் ஓட்ட முடியாது என்று சொன்னேன். மாற்று ஓட்டுநர் வரும்வரை பயணிகளோடு வெளியில் நின்றேன். வண்டியில் பழுதா என்று ஒரு முதியவர் கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன்.

வத்சலா அக்காவை உங்களில் பலர் டிப்போவில் அறிவீர்கள். சிலர் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு ஒன்றாகப் போய், வெயிலில் அவரோடு வடம் பிடித்தவர்கள். எங்கள் ஆட்களில் இந்த நகரத்தில் டிராம் ஓட்டிய முதல் பெண்களில் ஒருவர் என்று மேடைகளில் அவரைச் சொல்வார்கள். ஜப்பான் தொழில்முறை மல்யுத்தத்தின் மீது அவருக்கிருந்த பற்றைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நான் அதைத்தான் எழுதப் போகிறேன். அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத என்னிடம் வேறு வழி இல்லை.

அகதியாக வந்த புதிதில், விடுதியின் பொது அறையில் இருந்த தொலைக்காட்சியில்தான் அவர் அதை முதலில் பார்த்திருக்கிறார். வர்ணனை ஜெர்மனில். மோதுபவர்கள் பேசுவதோ ஜப்பானிய மொழி. அக்காவுக்கு அப்போது இரண்டும் தெரியாது. "இந்த நாட்டில எனக்கு விளங்கின முதல் விசயம் அதுதான் சிவா. ஒருத்தன் விழுறான், மற்றவன் அமத்திப் பிடிக்கிறான், நடுவர் மூண்டு எண்ணுறார். அதுக்குள்ள எழும்பினா ஆட்டம் இருக்கு," என்பார். அதன் பிறகு அவர் அந்தப் பழக்கத்தை விடவே இல்லை.

ஜப்பானில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு பெரிய சுற்றுப்போட்டி நடக்கும். ஒரு பிரிவில் உள்ள ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் மோதுவார்கள். வெற்றிக்குப் புள்ளி, நேரம் முடிந்தால் பாதிப் புள்ளி. நாலு வாரத்தில் களைத்து, கட்டுப் போட்டு, நொண்டி நொண்டி இறுதிக்கு வருவார்கள். ஜப்பானில் மாலை ஆகும்போது எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும். டிப்போ ஓய்வறையில் அக்கா சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் பார்ப்பார். யார் வெல்வது என்பதை முதலே தீர்மானித்துவிட்டுத்தானே மோதுகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஓம், முடிவு முதலே எழுதினதுதான். விழுறதை ஆராலும் எழுதேலாது," என்றார்.

ஒரு குளிர்கால விடியலில் அக்காவின் டிராமுக்கு முன்னால் ஒருவர் தண்டவாளத்தில் இறங்கினார். ஏன் இறங்கினார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அக்கா அவசர பிரேக்கை அழுத்தினார். அத்தனை தொன் இரும்பு நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பது இதை வாசிக்கும் ஓட்டுநர்களுக்குத் தெரியும். தண்டவாளத்தில் இறங்கியவர் பிழைக்கவில்லை. விசாரணையில் அக்காவின் மீது எந்தப் பிழையும் இல்லை என்று சொன்னார்கள். அந்தச் சொல் அவருக்கு உதவவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது ஒரே ஒரு விசயத்தைத்தான் சொன்னார். "நான் கண்ணை மூடிட்டன் சிவா. வண்டி நிண்ட பிறகும் திறக்கேல்லை."

மாதங்கள் கழித்து, மருத்துவரோடு டெர்மின் என்று இங்கே சொல்லும் சந்திப்புகள் பல முடித்து, அக்கா வேலைக்குத் திரும்பினார். முதல் நாட்களில் ஒரு சக ஓட்டுநர் கூடப் போகலாம் என்று விதி இருந்தது. என்னைக் கேட்டார், போனேன். ஓட்டுநர் அறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். காலைப் பனி. முன்கண்ணாடியில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. மூன்று தரிப்பிடம் நன்றாகத்தான் போனது. நாலாவதில், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மேடை விளிம்புக்கு வந்தாள். இறங்கவில்லை, விளிம்புக்கு மட்டும்தான் வந்தாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். அக்காவின் கண்கள் மூடியிருந்தன.

"அக்கா!"

வண்டி நின்றது. பின்னால் ஒருவர் இருக்கையிலிருந்து சறுக்கி விழுந்து திட்டினார். அந்தப் பெண் எதையும் கவனிக்காமல் ஏறி, குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்தாள். எத்தனையோ வருடம் ஓட்டியும் நான் அதுவரை என் வண்டிக்குப் பயந்ததில்லை. அன்று பயந்தேன். அக்கா திரும்பிப் பார்க்காமல், "எத்தினை நேரம் மூடியிருந்தனான்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. அதுதான் பயம்," என்றார். மறைக்க வேண்டுமா என்று நான் யோசிக்கும் முன்பே அவர் மேலதிகாரியிடம் தானாகப் போய்ச் சொல்லிவிட்டார். ஓட்டும் வேலையிலிருந்து எடுத்து அலுவலகத்தில் இருத்தினார்கள். இனி அங்கேயேதான் என்று எல்லாரும் நினைத்தோம்.

அந்தக் கோடையில் சுற்றுப்போட்டி தொடங்கிய முதல் ஞாயிறு, அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். ராஜன் அண்ணை கோப்பி போட்டுத் தந்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். மனிதன் மனிதனை அடிப்பதைப் பார்க்க அவருக்கு ஏலாது. அக்கா எனக்குத் தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி ஒரு கதிரை போட்டிருந்தார். "நீ படத்தைப் பாக்காதை. என்ர கண்ணைப் பார். மூடினா சொல்லு."

அப்படித்தான் அவருக்குப் பிடித்த ஆட்டங்களை நான் அறிவேன். ஒன்றையும் நேராகப் பார்க்கவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, அவர் முகத்தில் பார்த்தேன். முதலாவது, இரண்டு பழைய நண்பர்கள் மோதிய ஆட்டம். ஒருவருக்கு முழங்கால் பழுது. அக்கா அவரை நொண்டியர் என்பார். மற்றவர் அந்த முழங்காலைத் தொடாமலே ஆடி, கடைசிக் கட்டத்தில் வேறு வழியில்லாமல் தொட்டார். நேரம் முடிந்து சமநிலை. அதில் அக்கா கண்ணை மூடவில்லை, ஆனால் அழுதார். இரண்டாவதில் மெலிந்த ஒருவன் மூலைத்தூணின் உச்சியில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு பின்புறமாகப் பாய்ந்தான். "மூடிட்டீங்கள்," என்றேன். திரும்பப் போட்டார். "மூடிட்டீங்கள்." மீண்டும். எத்தனை தடவை அவன் பாய்ந்தான் என்று நான் எண்ணவில்லை. அக்காவின் விரல்கள் கதிரையின் கையை இறுக்கி வெளுத்துப்போயிருந்தன. கடைசியில் அவர் கண்கள் திறந்தபடி இருந்தன. சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். "இவன் விழப் படிச்சவன்," என்றார். "அந்த மனுசன் படிக்கேல்லை."

மூன்றாவது ஆட்டம் நேரடி ஒளிபரப்பு. முடிவு எங்கள் இருவருக்கும் தெரியாது. பாதியில் பெருத்த சத்தம் ஒன்று கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் மண்டபம் ஒன்று அப்படி அடங்கி நான் கேட்டதில்லை. அக்காவின் முகம் வெளிறியது. "என்ன அக்கா?" என்றேன். "கழுத்தில விழுந்திட்டான். நடுவர் ரெண்டு கையையும் மேல தூக்கிக் குறுக்கா வைக்கிறார். இது நடிப்பில்லை." நான் திரும்பிப் பார்க்கப் போனேன். "திரும்பாதை," என்றார். தூக்குப்படுக்கை கொண்டுவருகிறார்கள், கழுத்துக்குப் பட்டி போடுகிறார்கள், கால் அசையவில்லை என்று தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வாந்தி வருவதுபோல் ஒருமுறை குனிந்தார். அப்போதும் கண்களைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. நிற்பாட்டுவம் அக்கா என்று கெஞ்சினேன். எனக்கே தாங்க முடியவில்லை.

"இல்லை. ஆராவது அவனைப் பாத்துக்கொண்டு இருக்க வேணும். அண்டைக்கு அந்த மனுசனை ஒருத்தரும் பாக்கேல்லை. பாத்திருக்க வேண்டியவள் நான்."

மண்டபத்தை விட்டு அவனைக் கொண்டுபோகும்வரை பார்த்தார். பிறகு தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குளியலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. ராஜன் அண்ணை கதவில் தட்டி, "வத்சலா, கதைம்மா," என்று சொன்னபடி நின்றார். அடுத்த நாட்கள் அக்கா சாப்பிடவில்லை. அந்த வீரன் விரலை அசைத்துவிட்டான் என்று செய்தி வந்த அன்றுதான் சோறு போட்டுச் சாப்பிட்டதாக அண்ணை சொன்னார். அவன் அதன் பிறகு மோதவில்லை. ஆனால் நடந்தான். பின்னாளில் யாராவது விருப்பமான ஆட்டம் எது என்று கேட்டால் அக்கா இதைத்தான் முதலில் சொல்வார். அது எப்படிப் பிடிக்கும் என்று கேட்பார்கள். "பிடிச்சது எண்டு இல்லை. என்னை விடாத ஆட்டம்," என்பார்.

இலையுதிர் காலத்தில், ஓட்டும் வேலைக்குத் திரும்புவதற்கான பரீட்சை ஓட்டத்துக்குப் போனார். அன்று நான் கூடப் போகவில்லை. தரிப்பிடத்தில் நின்று பார்த்தேன். வண்டி வரும்போது வேண்டுமென்றே மேடை விளிம்புக்கு ஓரடி முன்னால் வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் கண்கள் அகலத் திறந்து என்னையே பார்த்தன. கதவு திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "இனிமேல் இப்பிடி நிண்டியெண்டால் கன்னத்தில அறைவன்." அதன் பிறகு பல வருடங்கள் ஓட்டினார்.

இந்த வசந்த காலத்தில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மருந்து கொடுக்கும் கட்டம் கடந்துவிட்டது என்றும் அதே நாளில் சொன்னார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பயப்பிடாதைங்கோ என்றார்கள். ஒருநாள் அப்படி ஒருவர் சொல்லிவிட்டுப் போனதும் அக்கா என்னிடம் திரும்பினார். "பயப்பிடாதை எண்டு சொல்லிச் சொல்லி என்ர வாயை மூடுறாங்கள் சிவா. எனக்குப் பயமா இருக்கு. அதைச் சொல்ல விடுங்கோ. சொன்னாத்தான் மற்ற அலுவலைப் பாக்கலாம்."

"சொல்லுங்கோ அக்கா."

"பயமா இருக்கு," என்றார். பிறகு, "சரி. அந்தத் தண்ணியை எடு," என்றார்.

இந்த வருடச் சுற்றுப்போட்டியின் முதல் ஆட்டங்களை அவர் பார்த்தார். இறுதி ஆட்டத்துக்கு அவர் இல்லை. சாம்பல் கரைத்த பிறகு வந்த ஞாயிறு ராஜன் அண்ணை கூப்பிட்டார். வாழ்க்கையில் ஒருநாளும் அதைப் பார்க்காத மனிதர், தொலைக்காட்சியை எப்படிப் போடுவது என்று கேட்டார். இருவரும் இருந்து அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். ஒருவன் விழும்போதெல்லாம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எழும்புவானோ தம்பி?" என்று கேட்டார். தெரியாது அண்ணை என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. முடிந்தபோது அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "இவ்வளவு பயத்தை அவ தனிய இருந்து பாத்திருக்கிறா," என்றார். அடுத்த வருடமும் வா என்றார்.

அக்காவிடமிருந்து எனக்குத் துணிவு கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. தரிப்பிட விளிம்பில் நிற்கும் ஒவ்வொருவரையும் பார்த்து நான் இன்றும் பயப்படுகிறேன். ஆனால் ஒரு பழக்கம் மிஞ்சியிருக்கிறது. விடியலில் டிப்போவிலிருந்து வண்டியை எடுக்கும் முன், ஓட்டுநர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்கு," என்று வாய்விட்டுத் தமிழில் சொல்கிறேன். அந்த அறையில் அது யாருக்கும் கேட்காது. இன்று காலையும் சொன்னேன். பிறகு மணியை அடித்துவிட்டு, பாதையைப் பார்த்தபடி மெல்ல வெளியே எடுத்தேன்.